மைனர் சார்பில்

ஷார்ஜாவில் பிறக்கும் குழந்தைக்கு 120 நாளுக்குள் விசா அடித்தாக வேண்டும். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு அப்பா அம்மாவின் திருமணச் சான்றிதழைக் கேட்பார்கள். நம்மூர் சார்பதிவாளர் கொடுத்த தாளை அப்படியே கொண்டுபோய் நீட்டினால் செல்லாது. மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியில் அமீரகத்தின் சொந்த வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை ஏறியிருக்க வேண்டும். அயல்நாட்டு ஆவணங்களை ஒற்றை முத்திரையில் ஏற்றுக்கொள்வதற்கான அப்போஸ்டில் உடன்படிக்கை 1961இலேயே ஹேக் நகரில் உருவாகிவிட்டது. இந்தியாவில் 2005இல் நடைமுறைக்கு வந்தது. அமீரகம் அதில் சேரவில்லை. ஆகவே ஒரு சிசுவின் தாளைத் தேடிப் பின்னோக்கி நடந்தால் கல்யாண மண்டபத்து வாசலில் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு காகிதத்திலும் பிள்ளை தன் பங்காகத் தருவது ஒரு புகைப்படமும் ஒரு பெருவிரல் ரேகையும்தான். ரேகையாவது பரவாயில்லை, தூங்கும்போது மையைத் தடவி ஒற்றிவிடலாம். புகைப்படத்துக்கு விதிகள் உண்டு. பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், முகம் நேராக, கண் திறந்து, வாய் மூடி. பிறந்து சில வாரங்களே ஆன பிள்ளைக்குக் கழுத்து நிற்காது, யாராவது தாங்கித்தான் ஆக வேண்டும். தாங்கும் கை படத்தில் விழக்கூடாது. இங்கே ஷார்ஜாவில் உள்ள ஸ்டூடியோக்காரர்கள் இதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் போர்த்திவிட்டு, மடியில் பிள்ளையைச் சாய்த்து எடுப்பார்கள். படத்தில் பார்த்தால் பிள்ளை சுவரில் சாய்ந்து தானாக உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். அந்தச் சுவர் மூச்சுவிடுவது அலுவலகத்துக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அரசுக்கு வேண்டியது தனித்து நிற்கும் ஓர் ஆள்.

முன்பெல்லாம் அப்படி இல்லை. பழைய பாஸ்போர்ட்டுகளில் பிள்ளைகளின் பெயரை எழுத இடம் ஒதுக்கியிருப்பார்கள். அம்மாவோ அப்பாவோ போகும் இடத்துக்குப் பிள்ளைகள் அவர்கள் புத்தகத்தில் ஒரு வரியாகப் போனார்கள். அந்தக் காலம் நாடு நாடாக முடிந்துபோயிற்று. பிரிட்டன் 1998 அக்டோபரில் பிள்ளைகளைப் பெற்றோர் பாஸ்போர்ட்டில் சேர்ப்பதை நிறுத்தியது. ஜெர்மனியில் 2012 ஜூனில் பழைய பதிவுகளும் செல்லாமல் போயின. ஆளுக்கொரு பாஸ்போர்ட் என்பதே இன்று உலக வழக்கம். கணினி படிக்கும் பாஸ்போர்ட்டில் ஒருவர் விவரத்துக்கு மேல் இடமில்லை என்பது ஒரு காரணம். பெற்றோர் புத்தகத்தில் எழுதியிருந்த ‘மகன், வயது 4’ என்ற வரியைக் கொண்டு எந்த நான்கு வயதுப் பையனையும் எல்லை தாண்டிக் கூட்டிப்போகலாம் என்பது இன்னொரு காரணம். விமான நிலைய வரிசையில் கைக்குழந்தைக்கும் தனிப் புத்தகம் நீட்டும்போது சலித்துக்கொள்கிறோம். ஆனால் இந்த மாற்றம் சரியானதுதான். பிள்ளை நம் புத்தகத்தின் ஒரு வரி இல்லை.

பிள்ளை தனியாள் என்று ஒப்புக்கொண்ட அரசு, கையெழுத்தை மட்டும் நம்மிடம் கேட்கிறது. படிவத்தின் அடியில் ‘மைனர் சார்பில்’ என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு மேல் நாம் என்னவெல்லாம் சொல்லிவிடுகிறோம் என்பதுதான் எனக்கு வெகுகாலமாக உறுத்தல்.

முதலில் பெயர். தமிழ்க் குடும்பத்தில் மூன்று பேருக்கு மூன்று ‘குடும்பப் பெயர்’. அப்பாவின் பின்னால் தாத்தா பெயர், அம்மாவின் பின்னால் அவளுடைய அப்பா பெயர், பிள்ளையின் பின்னால் அப்பா பெயர். நமக்கு இது இனிஷியல், ஒரு எழுத்தோடு தீர்ந்துபோகும் சங்கதி. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். மேடையிலேயே பட்டத்தைத் துறந்தவர்கள் உண்டு. பட்டம் போன இடத்தில் ஒன்றும் வைக்காமல் விட்டதுதான் அந்தத் தீர்மானத்தின் அழகு. தொண்ணூறு ஆண்டு கழித்து அந்த வெற்றிடம் பாஸ்போர்ட்டின் ‘சர்நேம்’ கட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க முடியாது என்று விமான நிறுவனங்களுக்குச் சொன்னபோது, பேரப்பிள்ளையைப் பார்க்கக் கிளம்பிய எத்தனையோ தாத்தா பாட்டிகள் பெட்டியோடு விழித்தார்கள். பிறகு, அடுத்த பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவில் வேறு கூத்து: ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அடித்துத் தருவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்படியே அந்த மூன்றெழுத்தால் அலுவலகத்தில் அழைக்கப்பட்ட ஆட்கள் உண்டு.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் கணவர் இல்லாமல் பிள்ளையோடு பயணம் போகும் தாய்க்கு இது சிரிப்பாக இருக்காது. அவள் பெயரிலும் பிள்ளை பெயரிலும் பொதுவாக ஓர் எழுத்துகூட இருக்காது. ‘இது உங்கள் குழந்தையா?’ என்று கவுன்டரில் இருப்பவர் கேட்பார். பெற்று, பால் கொடுத்து, இப்போது இடுப்பில் தூக்கி நிற்பவள் அதற்குத் தாள் காட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழ் நகல், கணவரின் சம்மதக் கடிதம், அவர் பாஸ்போர்ட் நகல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையின் முன்னறையிலேயே வைத்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். தென்னாப்பிரிக்கா 2015இல், பிள்ளையோடு வருகிறவர்கள் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும் என்று கட்டாயமாக்கிப் பார்த்தது. சுற்றுலாக்காரர்கள் வரத்துக் குறைகிறது என்ற கூச்சலில் சில ஆண்டுகளில் தளர்த்தவும் செய்தது.

தாய் சொன்னால் போதாது என்பது எல்லைக் கவுன்டரில் மட்டும் இருந்த வழக்கமில்லை, சட்டத்திலேயே இருந்தது. 1992 டிசம்பர் 10 வரை, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு வழிவழியாக வரும் இந்தியக் குடியுரிமை அப்பா வழியாக மட்டுமே வந்தது. சிங்கப்பூர் தன் தாய்மார்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது 2004இல். மலேசியாவில் அதற்கான அரசியல் சட்டத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது 2024 அக்டோபரில். மலேசியப் பெண் வெளிநாட்டவரை மணந்து வெளிநாட்டில் பெற்ற பிள்ளை பழைய சட்டப்படி விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். மலேசிய ஆண் பெற்ற பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிக் கடன்பத்திரம் வாங்கப் போனபோது, இயற்கைக் காப்பாளர் அப்பாதான், அவர் கையெழுத்து வேண்டும் என்று திருப்பினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1999இல், தந்தை உயிரோடு இருக்கும்போதும் தாய் காப்பாளராகச் செயல்பட இடமுண்டு என்று தீர்ப்பு வந்தது. இந்தியப் பாஸ்போர்ட் படிவத்தில் அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று ஆக இன்னும் 17 ஆண்டு பிடித்தது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்கள் எத்தனை அலுவலகங்களில் கண்ணீர்விட்ட பிறகு அந்த ஒரு கட்டம் விருப்பக் கட்டமானது என்பதற்குக் கணக்கில்லை.

இரண்டு கையெழுத்தும் வேண்டும் என்று அரசுகள் அடம்பிடிப்பதற்கும் நியாயம் உண்டு. பிரிந்த தம்பதிகளில் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாடு மாறிவிடுவது நடக்காத காரியமில்லை. அமெரிக்காவில் 16 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க இருவரும் நேரில் வர வேண்டும். வராதவர் நோட்டரி முன்பு கையெழுத்திட்ட சம்மதத்தை அனுப்ப வேண்டும். பெற்றோரில் ஒருவர் அப்படி நாடு மாற்றிக் கொண்டுபோன பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கு 1980இல் ஹேக்கில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். இந்தியா அதில் சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009இல் பரிந்துரைத்தது; இந்தியா இன்னும் சேரவில்லை. அடி தாங்காமல் பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு ஓடிவரும் பெண்ணையும் அந்த உடன்படிக்கை கடத்தல்காரியாகவே பார்க்கும் என்பது இந்தியாவில் உள்ள அச்சம். அந்த அச்சத்தைப் புறந்தள்ள எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்திலிருந்து இரண்டு பெண் பிள்ளைகளோடு கோயம்புத்தூர் திரும்பிய ஒரு தாயின் வழக்கில், பிள்ளைகளை இங்கிலாந்து நீதிமன்றத்தின் முன் கொண்டுபோகும்படி உச்ச நீதிமன்றம் 2015இல் உத்தரவிட்டது. இரண்டே ஆண்டில் வேறொரு வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அயல்நாட்டு ஆணை கருத்தில் கொள்ள வேண்டியவற்றில் ஒன்று மட்டுமே, பிள்ளையின் நலன்தான் முதலில் என்றது. இரண்டு தீர்ப்பையும் படித்தேன். இரண்டிலும் பிள்ளைகள் பேசும் இடம் கொஞ்சம்தான்.

வளைகுடாவில் பிள்ளையின் இருப்பு அப்பாவின் வேலையில் தொங்குகிறது. வேலை போனால் அவர் விசா போகும், அதோடு பிள்ளையின் விசாவும். சவூதியில் அது தலைக்கு இத்தனை ரியால் என்று விலையாகவே ஆயிற்று. 2017 ஜூலையில் குடும்பத்தார் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று ஆரம்பித்த வரி, ஆண்டுக்கு நூறு ஏறி 2020 ஜூலையில் 400 ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,600 ரியால். கடைகளில் வேலை பார்த்தவர்களும், நடுத்தரச் சம்பளக்காரர்களும் குடும்பத்துக்கு ‘எக்ஸிட் அடித்து’ ஊருக்கு அனுப்பினார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அந்த ஆண்டுகளில் பள்ளிக்கூடங்களுக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளில் தமிழ் எழுதத் தெரியாதவர்கள் உண்டு. டி.சி.யில் தூதரக முத்திரை இருந்தது. வகுப்பில் உட்கார அது உதவும்; பக்கத்துப் பையன் பேசுவது புரிய உதவாது. தாளில் அவர்கள் ‘சொந்த நாட்டுக்குத் திரும்பியவர்கள்’. அவர்களைக் கேட்டால் ஜித்தாவை விட்டு வந்தவர்கள்.

அமீரகம் 2022 அக்டோபரில் ஒரு நல்ல காரியம் செய்தது. ஆண் பிள்ளையை 18 வயது வரை மட்டுமே அப்பாவின் விசாவில் வைத்திருக்கலாம் என்றிருந்ததை 25 ஆக்கியது. கல்யாணமாகாத பெண்ணுக்கு வயது வரம்பே இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள், அடையாள அட்டையே விசா. ‘விசா அடித்தாயிற்றா?’ என்று கேட்கும் பழக்கம் மட்டும் எங்களைவிட்டுப் போகவில்லை. எது எப்படியானாலும் இங்கே பிறந்து, இங்கே பல்விழுந்து, இங்கே மீசை முளைத்த பையன் இந்நாட்டுக் குடிமகன் ஆவதற்கு நடைமுறையில் வழியில்லை. ஆகவே எங்களுக்கு ‘மைனர் சார்பில்’ முடிவெடுக்கும் பாரம் ஒரு வகையில் குறைவு. தேர்ந்தெடுக்க ஒன்றுதான் இருக்கிறது.

அண்ணனுக்கு அப்படி இல்லை. அவர் நியூ ஜெர்சியில் இருக்கிறார். அங்கே பிறந்த பிள்ளை அந்த நாட்டுப் பிரஜை. 1868இன் 14ஆம் திருத்தமும் அதை உறுதிசெய்த 1898ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அப்படிச் சொல்கின்றன. (2025இல் அதன்மேல் கை வைக்க ஓர் அதிபர் ஆணை வந்து வழக்குகளில் சிக்கியது வேறு கதை.) 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையை இந்தியக் குடிமகனாக்க வேண்டுமானால், ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும், பிள்ளையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக்கொடுக்க வேண்டும். இரு நாட்டுக் குடியுரிமையும் உள்ளவர்கள் 18 ஆன ஆறு மாதத்துக்குள் மற்றதைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும் என்றும் சட்டம் சொல்கிறது. பெரும்பாலான பெற்றோர் இவ்வளவு தூரம் யோசிப்பதில்லை. ஊரில் பாட்டிக்குக் குழந்தையைக் காட்ட வேண்டும், டிக்கெட் போட்டாயிற்று. அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்து, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பித்து, விமானம் ஏறிவிடுகிறார்கள். ஓ.சி.ஐ. இருந்தால் விசா வேண்டாம், எத்தனை நாளும் தங்கலாம், படிக்கலாம், வேலை பார்க்கலாம். ஓட்டுப்போட முடியாது, வயல் வாங்க முடியாது. இருபது வயதுவரை பாஸ்போர்ட் மாறும் ஒவ்வொரு முறையும் புது அட்டை வாங்க வேண்டும் என்று வெகுகாலம் இருந்தது. வளர்கிற பிள்ளையின் முகம் மாறிக்கொண்டே இருக்கும் என்பது அதற்குச் சொன்ன நியாயம். 2021இல்தான், புதுப் பாஸ்போர்ட்டையும் புதுப் படத்தையும் இணையத்தில் ஏற்றினால் போதும் என்றார்கள்.

நான் குறை சொல்வது டிக்கெட்டை முன்னிட்டு ஒரு மனிதருக்கு நாடு தீர்மானமாவதை. அண்ணன் மகள் பதினாறு வயதில் என்னிடம் ஒருமுறை கேட்டாள்: ‘என்னை யாரும் கேக்கலையே சித்தப்பா?’ அவள் கோபமாகக் கேட்கவில்லை, வேடிக்கையாகத்தான் கேட்டாள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்றேன். ‘இதையேதான் சொல்லியிருப்பேன். ஆனா நான் சொல்லியிருப்பேன்’ என்றாள்.

அதே நியூ ஜெர்சியில் ஒரே வீட்டில் இரண்டு விதமான பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் உண்டு. மூத்தது சென்னையில் பிறந்து எச்-4 விசாவில் போனது, இளையது அங்கேயே பிறந்தது. கிரீன் கார்டு வரிசை நகராமல் நிற்க, மூத்ததுக்கு 21 வயது நிறைந்தால் அப்பாவின் விசாவிலிருந்து வெளியேற வேண்டும். மாணவர் விசா, வேறு ஏதோ விசா என்று ஓட வேண்டும். இளையதுக்கு அதே 21 நிறைந்தால் அப்பா அம்மாவுக்கே கிரீன் கார்டு கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒரே பள்ளிக்கூடப் பேருந்தில் போனவர்கள் அவர்கள்.

மண்டபம் அகதி முகாமை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் பலரிடம் நீட்டுவதற்குப் பாஸ்போர்ட்டோ விசாவோ கிடையாது. 1986இல் அம்முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்க வேண்டும் என்று 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர், யாருக்குப் பிறந்திருந்தாலும், பிறப்பால் குடிமகன் என்பதே சட்டம். அந்த ஜூலைக்கு அடுத்த மாதம் அதே முகாமில், அதே ஓட்டுக்கொட்டகையில் பிறந்த பிள்ளைக்கு அந்த வாசல் கிடையாது. நாங்கள் விசா தாமதம் என்று அங்கலாய்க்கிறோம்.

அண்ணன் மகளுக்கு இந்த ஆண்டு 21 முடிந்தது. அண்ணன் இன்னும் கிரீன் கார்டு வரிசையில்தான் நிற்கிறார். ஆகவே அவள் அவருக்காக ஐ-130 மனு போடுகிறாள். இப்போது கையெழுத்து அவளுடையது. தன் பிறப்புச் சான்றிதழை எடுத்துவைத்துவிட்டாள், அதில் ஒரு குறையுமில்லை. தகராறு அண்ணனுடையதில். அவர் பிறந்தது வேதாரண்யம் பக்கம், வீட்டில், மருத்துவச்சி கையில். பிறப்பு எங்கும் பதிவாகவில்லை. பதிவு இல்லை என்று உள்ளூர் அலுவலகத்தில் ஒரு சான்று வாங்கி, அவர் பிறந்ததை நேரில் அறிந்த மூத்த உறவினர் ஒருவரின் பிரமாணப் பத்திரத்தை அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றார் அங்குள்ள வழக்கறிஞர். அப்படிப்பட்டவர் எங்கள் வீட்டில் அத்தை ஒருவர்தான் மிச்சம். ‘1977 நாகப்பட்டினம் புயலப்போ, கூரை பிச்சிக்கிட்டுப் போன ராத்திரி பொறந்தான்’ என்று அடித்துச் சொல்கிறார். புயல் நவம்பரில் வந்தது. அண்ணனின் பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் இருப்பது ஜூன் மாதத் தேதி. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது போதவில்லை என்று தலைமையாசிரியர் போட்ட தேதி அது. அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் நடந்ததுதான்.

பிரமாணப் பத்திரத்தில் ஜூன் தேதியை எழுதி அத்தையிடம் படித்துக்காட்டினார்கள். புயல் எங்கே என்று கேட்டார். புயலை எழுத வேண்டியதில்லை அத்தை, தேதி மட்டும் போதும் என்று சொல்லிப் பார்த்தார்கள். புயலில் பிறந்த பிள்ளையைக் கோடையில் பிறந்ததாகச் சொல்லிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். அண்ணன் மகள் இப்போது வேறு யாராவது பெரியவர்கள் இருக்கிறார்களா என்று என்னைக் கேட்டிருக்கிறாள். திருத்துறைப்பூண்டியில் அம்மாவழியில் ஒரு பெரியப்பா இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். அடுத்த வாரம் பேசிப் பார்க்க வேண்டும்.